எங்கள் மலையும் எமர்ஜென்சியும்

மே மாத விடுமுறைக்குப் பேத்தி வந்திருந்தாள். சென்னையில் அரசியல் அறிவியல் எம்.ஏ. படிக்கிறாள். கொடைக்கானலில் சீசன் நேரத்தில் எங்களைப் போன்ற உள்ளூர்க்காரர்கள் வெளியே இறங்குவதே இல்லை. ஏரிச் சாலை முழுக்க வண்டிகள்தான். அதனால் இரண்டு பேரும் வாசலில் வெயிலுக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டோம். அவள் மடியில் ஒரு தடித்த புத்தகம். சோவியத் யூனியன் உடைந்த பிறகு அந்த நாடுகள் சர்வாதிகாரத்திலிருந்து ஜனநாயகத்துக்கு எப்படி வந்தன, அல்லது ஏன் வரவில்லை என்பது பாடமாம்.

"தாத்தா, நம்ம நாட்டுல இப்படி ஒரு மாற்றம் நடந்ததுன்னா 1977-தானே? அப்ப நீங்க யாருக்கு ஓட்டுப் போட்டீங்க?" என்று கேட்டாள்.

ஐம்பது வருடமாக யாரும் என்னிடம் கேட்காத கேள்வி. காபி ஆறிவிட்டது என்று சொல்லி எழுந்து உள்ளே போய்விட்டேன். அன்று சொல்லாத பதிலைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் அவள் பாடத்தைப் பார்ப்போம். 1991 டிசம்பரில் சோவியத் யூனியன் கலைந்தபோது 15 நாடுகள் மிஞ்சின. எல்லாவற்றுக்கும் ஒரே பழைய வாழ்க்கை: ஒரே கட்சி, ஒரே உளவுத்துறை, வெளியே சொல்ல முடியாத பயம். ஆனால் பாதை ஒன்றாக இல்லை. பெலாரூஸில் 1994-ல் மக்கள் உண்மையாகவே ஓட்டுப் போட்டு லூகஷென்கோவைத் தேர்ந்தெடுத்தார்கள். வந்தவர் இறங்கவே இல்லை. ஜார்ஜியாவில் 1991-ல் பெருவாரியான வாக்குகளால் ஜெயித்த கம்சகுர்தியாவை அடுத்த ஜனவரியிலேயே துப்பாக்கி ஏந்தியவர்கள் விரட்டினார்கள். பிறகு வந்த ஷெவர்ட்நாட்ஸேவை 2003 நவம்பரில் கையில் ரோஜாப் பூவோடு நாடாளுமன்றத்துக்குள் புகுந்த கூட்டம் இறக்கியது. ஓட்டுப் பெட்டி மூலமாக அமைதியாக ஆட்சி கைமாற 2012 வரை ஆயிற்று.

லித்துவேனியா கதை வேறு. 1990 மார்ச் 11-ல் சுதந்திரம் அறிவித்த முதல் சோவியத் குடியரசு அது. 1991 ஜனவரியில் தலைநகர் வில்னியூஸின் தொலைக்காட்சிக் கோபுரத்தைக் காக்க நின்ற மக்கள்மேல் சோவியத் டாங்கிகள் ஏறின. 14 பேர் செத்தார்கள். அந்தப் போராட்டத்துக்குத் தலைமை தாங்கியவர் லாண்ட்ஸ்பெர்கிஸ் என்ற இசைப் பேராசிரியர். ஆனால் 1992 தேர்தலில் மக்கள் அவருடைய அணியைத் தோற்கடித்து, பழைய கம்யூனிஸ்டுகளின் புதிய கட்சியை ஜெயிக்க வைத்தார்கள். போராடி வாங்கியவர் சத்தமில்லாமல் நாற்காலியைக் கொடுத்துவிட்டு எதிர்க்கட்சி வரிசைக்குப் போனார். லித்துவேனியாவில் ஜனநாயகம் வேர் பிடித்தது அன்றைக்குத்தான் என்று நினைக்கிறேன். ஜெயிப்பது யாருக்கும் கஷ்டமில்லை. தோற்றுவிட்டு வீட்டுக்குப் போவதுதான் கஷ்டம்.

இப்போது நம் கதைக்கு வருகிறேன்.

1975 ஜூன் 12-ல் அலகாபாத் உயர் நீதிமன்ற நீதிபதி ஜக்மோகன்லால் சின்ஹா, இந்திரா காந்தியின் தேர்தல் செல்லாது என்று தீர்ப்புச் சொன்னார். ஜூன் 25 இரவு குடியரசுத் தலைவர் நெருக்கடி நிலைப் பிரகடனத்தில் கையெழுத்துப் போட்டார். மந்திரிசபைக்கு மறுநாள் காலையில்தான் விஷயம் தெரியும். ஜெயப்பிரகாஷ் நாராயண், மொரார்ஜி தேசாய் என்று வரிசையாகக் கைது. பத்திரிகைகளுக்குத் தணிக்கை. வடக்கே குடும்பக் கட்டுப்பாட்டு ஆபரேஷனுக்கு ஆள் பிடிக்கும் வேட்டை. 1976-77-ல் மட்டும் நாடு முழுவதும் 80 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்குக் கருத்தடை செய்தார்கள்.

தமிழ்நாட்டில் முதல் ஏழு மாதம் இந்தச் சூடு அவ்வளவாகத் தெரியவில்லை. கருணாநிதி தலைமையிலான தி.மு.க. அரசு நெருக்கடி நிலையை வெளிப்படையாகக் கண்டித்தது. வடநாட்டுத் தலைவர்கள் சிலர் இங்கே வந்து ஒதுங்கியிருந்தார்கள். 1976 ஜனவரி 31-ல் அந்த அரசு கலைக்கப்பட்டது. உடனே இங்கேயும் மிசாக் கைதுகள். மு.க.ஸ்டாலின், முரசொலி மாறன், சிட்டிபாபு ஆகியோர் சென்னை மத்திய சிறையில் அடி வாங்கினார்கள். முன்னாள் மேயர் சிட்டிபாபு 1977 ஜனவரியில் இறந்தே போனார். பிறகு நீதிபதி இஸ்மாயில் கமிஷன் இதை விசாரித்தது.

இதெல்லாம் எனக்கு அப்போது தெரியாது. நான் மேல்மலைக் கிராமம் ஒன்றில் ஆரம்பப் பள்ளி ஆசிரியர். வயது 25. எனக்குத் தெரிந்த எமர்ஜென்சி வேறு. பஸ் நேரத்துக்கு வந்தது. தாலுகா ஆபீசில் பத்து மணிக்கு நாற்காலியில் ஆள் இருந்தார்கள். கடையில் விலைப் பட்டியல் தொங்கியது. மாதத்தில் பாதி நாள் வராத சக ஆசிரியர் ஒருவர் தினமும் பிரேயருக்கு முன்பே வந்து நின்றார். "இப்படித்தான் நாடு இருக்கணும்" என்று நான் பலமுறை சொல்லியிருக்கிறேன். யாரும் மறுத்துப் பேசவில்லை. மறுக்க முடியாத காலம் என்பது என் மூளைக்கு எட்டவில்லை. எல்லோரும் என் கட்சி என்றே நினைத்துக்கொண்டேன்.

மலையில் இருந்து இறங்கும்போதெல்லாம் பஜாரில் ஒரு கடையில் டீ குடிப்பேன். கடைக்காரர் மேல்மலைக்காரர்தான். ஆட்சி கலைக்கப்பட்ட கட்சியில் கிளை அளவில் ஏதோ பொறுப்பு. கடையில் கட்சிப் பத்திரிகை கிடக்கும். 1976 பிப்ரவரியில் ஒரு நாள் கடை பூட்டியிருந்தது. பக்கத்துக் கடையில் கேட்டேன். "கூட்டிட்டுப் போயிட்டாங்க" என்றார்கள். யார், ஏன் என்று நான் கேட்கவில்லை. அங்கேயே உட்கார்ந்து டீ குடித்துவிட்டு பஸ் ஏறினேன். அதற்கப்புறம் அந்தப் பக்கத்துக் கடையே எனக்குப் பழகிவிட்டது.

1977 ஜனவரி 18-ல் இந்திரா காந்தி திடீரென்று தேர்தல் அறிவித்தார். ஏன் அறிவித்தார் என்று இன்றுவரை விவாதிக்கிறார்கள். ஜெயித்துவிடுவோம் என்று உளவுத்துறை சொன்னது என்பார்கள் சிலர். நேருவின் மகளுக்கு உள்ளே ஏதோ உறுத்தியது என்பார்கள் சிலர். கைதிகள் வெளியே வரத் தொடங்கினார்கள். மார்ச் 16 முதல் 20 வரை வாக்குப்பதிவு.

எனக்கும் தேர்தல் பணி வந்தது. ஜீப்பில் பெட்டி, வாக்குச்சீட்டுக் கட்டு, அரக்கு, மை பாட்டில், பெட்ரோமாக்ஸ் விளக்கு எல்லாம் ஏற்றிக்கொண்டு மேல்மலையில் வேறொரு ஊருக்குப் போனோம். பூண்டும் உருளைக்கிழங்கும் விளைகிற ஊர். ராத்திரிக் குளிரில் மை உறைந்துவிடுமோ என்று ஒருவர் பாட்டிலைத் துண்டில் சுற்றி வைத்துக்கொண்டு படுத்தார். விரலில் மை வைக்கும் வேலை எனக்கு.

காலை பத்து மணி இருக்கும். வரிசையில் டீக்கடைக்காரர் நின்றார். அவருடைய சொந்த ஊர் அதுதான் என்பது எனக்கு அதுவரை தெரியாது. ஆள் பாதியாக இருந்தார். தலை நரைத்திருந்தது. மேஜைக்கு வந்ததும் என்னைப் பார்த்தார்.

"வாத்தியாரே, லிஸ்ட்ல என் பேரு இருக்கா பாருங்க. இருந்தா நான் இன்னும் இந்த ஊர்க்காரன்தான்."

பேர் இருந்தது. விரலை நீட்டினார். மை வைத்தேன். "எப்ப வந்தீங்கண்ணே" என்றுகூட நான் கேட்கவில்லை. ஏஜெண்டுகள் பார்த்துக்கொண்டிருந்தார்கள், அரசாங்க வேலையில் இருக்கிறோம் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

தேர்தல் பணியில் இருந்ததால் எனக்குத் தபால் ஓட்டு. பேத்தி கேட்ட கேள்விக்குப் பதில் இதுதான்: எமர்ஜென்சியைக் கொண்டு வந்தவர்களின் கூட்டணிக்குத்தான் போட்டேன். பயத்தில் போடவில்லை. மனப்பூர்வமாகப் போட்டேன்.

நான் மட்டுமல்ல. மார்ச் 21 காலையில் டில்லி வானொலித் தமிழ்ச் செய்தியைக் கேட்டவர்களுக்கு நினைவிருக்கும். ரேபரேலியில் இந்திரா காந்தி ராஜ் நாராயணிடம் தோற்றிருந்தார். வட இந்தியாவில் காங்கிரஸ் துடைத்தெறியப்பட்டிருந்தது. அன்றே நெருக்கடி நிலை வாபஸ் ஆயிற்று. 24-ம் தேதி மொரார்ஜி பிரதமரானார். ஆனால் தமிழ்நாட்டில்? 39 தொகுதிகளில் 34-ஐ காங்கிரஸ், அ.தி.மு.க., இந்தியக் கம்யூனிஸ்ட் கூட்டணி வென்றது. எமர்ஜென்சியை எதிர்த்த அணிக்கு 5 இடம்தான். வடக்கே மக்கள் ஒரு சர்வாதிகாரத்தை வீட்டுக்கு அனுப்பிய அதே வாரத்தில், நாம் அதற்கு வாழ்த்துச் சொல்லி அனுப்பினோம்.

ஏன் இப்படி? ஆபரேஷன் வேட்டையின் கொடுமை வடக்கே போல இங்கே வீட்டுக்கு வீடு வரவில்லை. தி.மு.க. ஆட்சிமீது ஊழல் புகார்கள் இருந்தன. சர்க்காரியா கமிஷன் அதை விசாரித்துக்கொண்டிருந்தது. எம்.ஜி.ஆர். அலை இருந்தது. இவையெல்லாம் காரணம்தான். ஆனால் என்னைப் பொறுத்தவரை உண்மையான காரணம் இன்னொன்று. ஜெயிலுக்குப் போனவர்கள் நம் வீட்டு ஆள் இல்லை. அவர்களை எனக்குப் பிடிக்கவும் பிடிக்காது. பிடிக்காதவனுடைய சுதந்திரமும் என்னுடைய சுதந்திரமும் ஒரே கயிற்றில் கட்டியிருக்கிறது என்று எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. பிள்ளைகளுக்குக் குடிமையியல் பாடம் நடத்திய எனக்கே தெரியாது.

அந்தக் கயிற்றைப் புரிந்துகொண்ட ஒரு மனிதர் இருந்தார். மிசாவில் உள்ளே போனவர்கள் ஆட்கொணர்வு மனுப் போட்டார்கள். 1976 ஏப்ரல் 28-ல் உச்ச நீதிமன்றம், நெருக்கடி நிலையில் அந்த உரிமை கிடையாது என்று நாலுக்கு ஒன்று என்ற கணக்கில் தீர்ப்புச் சொன்னது. அந்த ஒன்று நீதிபதி எச்.ஆர்.கன்னா. அதற்கு விலையாக, முறைப்படி அவருக்கு வர வேண்டிய தலைமை நீதிபதி பதவி 1977 ஜனவரியில் அவருக்கு இளையவருக்குப் போயிற்று. ராஜினாமா செய்துவிட்டு வீட்டுக்குப் போனார். அந்தப் பழைய தீர்ப்பு தவறு என்று உச்ச நீதிமன்றமே 2017-ல் சொன்னது. 41 வருடம் ஆயிற்று.

சோவியத் நாடுகளோடு ஒப்பிட்டால் நமக்குத் திரும்பி வருவது சுலபமாக இருந்தது. அங்கே தேர்தல் கமிஷன், நீதிமன்றம், கட்சிகள் எல்லாவற்றையும் புதிதாகக் கட்ட வேண்டியிருந்தது. இங்கே வீடு இடியவில்லை, பூட்டித்தான் இருந்தது. சாவி கிடைத்ததும் திறந்துகொண்டோம். 1978-ல் 44-வது சட்டத் திருத்தம் வந்தது. இனி "உள்நாட்டுக் குழப்பம்" என்று சொல்லி நெருக்கடி நிலை கொண்டுவர முடியாது, ஆயுதக் கிளர்ச்சி இருந்தால்தான் முடியும். மந்திரிசபை முடிவை எழுத்தில் தர வேண்டும். உயிருக்கும் உடல் சுதந்திரத்துக்கும் உள்ள உரிமையை எந்த நெருக்கடியிலும் நிறுத்திவைக்கக் கூடாது. மிசாச் சட்டமும் ஒழிந்தது.

ஆனால் பழக்கம் அவ்வளவு சீக்கிரம் ஒழியவில்லை. ஜனநாயகத்தை மீட்ட ஜனதா அரசே, வந்த மறுமாதம் ஒன்பது மாநிலங்களின் ஆட்சியைக் கலைத்தது. 1980 ஜனவரியில் இந்திரா காந்தி ஓட்டு வாங்கித் திரும்பி வந்தார். வில்னியூஸில் நடந்தது போலவே, தோற்றவர்கள் அமைதியாக வழிவிட்டார்கள். அது நம் நாட்டுக்குப் பெருமை. வந்த கையோடு பிப்ரவரியில் அவர் எம்.ஜி.ஆர். அரசைக் கலைத்தார். நான்கு வருடம் முன்பு கலைக்கப்பட்ட தி.மு.க. இந்த முறை அவரோடு கூட்டணியில் இருந்தது. ஆனால் அந்த மே மாதத் தேர்தலில், ஜனவரியில் எம்.ஜி.ஆரைக் கைவிட்ட அதே தமிழ் மக்கள் 129 இடங்களைக் கொடுத்து அவரைத் திரும்ப உட்கார வைத்தார்கள். 1977-ல் கற்காத பாடத்தை 1980-ல் கற்றோம் என்று வைத்துக்கொள்ளலாம். மாநில ஆட்சியைக் கலைப்பதற்கு உச்ச நீதிமன்றம் உறுதியான கடிவாளம் போட 1994 பொம்மை வழக்கு வரை ஆயிற்று.

எங்கள் மலையிலேயே இன்னொரு பாடம் இருந்தது. எமர்ஜென்சியின் நல்ல பலன் என்று நான் அடிக்கடி சொல்லிக்கொண்டது கொத்தடிமை ஒழிப்புச் சட்டம். 1975 அக்டோபரில் அவசரச் சட்டமாக வந்து 1976-ல் முழுச் சட்டமானது. நல்ல சட்டம்தான். ஆனால் சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தப்படி இலங்கைத் தோட்டங்களிலிருந்து வந்த குடும்பங்கள் எங்கள் காடுகளில் மரம் வெட்டவும் சீகைப் பட்டை உரிக்கவும் முன்பணத்துக்குக் கட்டுப்பட்டுக் கிடந்தது, 1980-களில் சிலர் தைரியமாக எடுத்துப் பேசிய பிறகுதான் வெளியே வந்தது. சட்டம் போட ஒரு கையெழுத்துப் போதும். அது காட்டுக்குள் போய்ச் சேர, புகார் சொல்ல வாயும் கேட்கக் காதும் வேண்டும்.

இதையெல்லாம் யோசிக்கும்போது எனக்கு 1975 அல்ல, 1965 ஞாபகம் வருகிறது. எனக்கு 14 வயது. அந்த வருடம் மே மாதம் ஹஜ் யாத்திரை முடித்து டில்லியில் இறங்கிய ஷேக் அப்துல்லாவைப் பாதுகாப்புச் சட்ட விதிகளின்கீழ் கைது செய்து, முதலில் ஊட்டியிலும் பிறகு எங்கள் கொடைக்கானலிலும் கொண்டுவந்து வைத்தார்கள். கோஹினூர் என்ற பங்களா. காஷ்மீரின் சிங்கம் என்று பேர் வாங்கியவர், சீனப் போரின்போது 1962-ல் போட்ட நெருக்கடி நிலை 1968 வரை நீடித்ததால், வழக்கு விசாரணை இல்லாமலே இங்கே குளிரில் நாள் எண்ணிக்கொண்டிருந்தார். நான் அப்பாவிடம், "இவர் என்ன தப்புப் பண்ணார்?" என்று கேட்டேன். அப்பா மளிகைக் கடை வைத்திருந்தார். "அது பெரிய இடத்து விஷயம். கேக்காதே" என்றார். அதன்பிறகு நான் கேட்கவில்லை. பங்களாவைத் தாண்டிப் போகும்போது வேடிக்கை பார்ப்போம், அவ்வளவுதான். இன்று டூரிஸ்டுகள் அதையே செய்கிறார்கள்.

1968 ஜனவரியில் அவர் முழு விடுதலை பெற்றார். 1977-ல் ஜனதா ஆட்சியில் காஷ்மீரில் நடந்த தேர்தல், அங்கே அதுவரை நடந்தவற்றில் நேர்மையானது என்று பேர் எடுத்தது. ஷேக் அப்துல்லாவின் கட்சி 76-ல் 47 இடங்களை வென்றது. எங்கள் ஊர்க் கைதி மக்கள் ஓட்டில் முதலமைச்சரானார். பத்தே வருடத்தில், 1987-ல், அதே காஷ்மீரில் தேர்தல் முறைகேடு என்று பெரும் புகார் எழுந்தது. அதன் பின்விளைவு எல்லோருக்கும் தெரியும்.

ஆக, 1975 ஜூன் 25 இரவு வானத்திலிருந்து எதுவும் விழவில்லை. விசாரணை இல்லாமல் ஒரு மனிதரைப் பூட்டி வைக்கலாம், ஊர் கேட்காது என்பது அதற்குப் பத்து வருடம் முன்பே எங்கள் மலையில் சோதித்துப் பார்த்த விஷயம். ஊரும் கேட்கவில்லை. பிறகு பூட்டு பெரிதாயிற்று.

பேத்தி ஊருக்குக் கிளம்புவதற்கு முந்தின நாள் அவளிடம் இதைச் சொன்னேன். "நீங்க கேட்டிருந்தா மட்டும் என்ன ஆயிருக்கும் தாத்தா?" என்றாள்.

"ஒண்ணும் ஆயிருக்காதும்மா. அவரை விட்டிருக்க மாட்டாங்க. ஆனா கேட்டுப் பழகியிருப்பேன். டீக்கடை பூட்டியிருந்த அன்னிக்கு அந்தப் பழக்கம் உதவியிருக்கும்" என்றேன்.

மறுநாள் அவளைப் பஸ் ஏற்றிவிட்டு பஜார் வழியாக வந்தேன். அந்தக் கடை இன்னும் இருக்கிறது. அவர் போய்ப் பல வருடம் ஆகிறது. மகன் நடத்துகிறார். அவருக்கும் அறுபது தாண்டிவிட்டது. எத்தனையோ வருடமாக நான் அங்கே டீ குடிக்கிறேன். அன்றுதான் முதல் தடவையாகக் கேட்டேன்: "தம்பி, அப்பாவைக் கூட்டிட்டுப் போன அன்னிக்கு என்ன நடந்துச்சு?"

அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அடுப்பைக் குறைத்துவிட்டு, ஸ்டூலை இழுத்துப் போட்டு எதிரில் உட்கார்ந்தார். ஒரு மணி நேரம் பேசினார். அவர் சம்மதித்தால் அதை இன்னொரு நாள் எழுதுகிறேன்.